ஒரே காராக எலெக்ட்ரிக் எஸ்யூவி போதுமா? முதலில் மீட்டர் போர்டைப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: திருச்சியில் சொந்த வீடு, அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர், தினமும் 45 கிலோமீட்டர் ஓட்டம், மாதம் ஒருமுறை சென்னை, வருடத்தில் ஒருமுறை ஊட்டி. இருக்கிற பழைய டீசல் காரைக் கொடுத்துவிட்டு டாடா நெக்ஸான் ஈவியில் 45 யூனிட் பேட்டரி உள்ளதை எடுக்கலாமா, விளம்பரத்தில் போடும் 489 கிலோமீட்டர் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். 489 பற்றிய பதில் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு அடியில் நீங்கள் கேட்பது வேறு: வீட்டில் வேறு கார் இல்லாதபோது இதை மட்டும் நம்பி இருக்கலாமா, வழியில் நிற்க வைக்குமா, எட்டு வருடம் கழித்து பேட்டரி செலவு தலையில் விழுமா? நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டு மீட்டர் போர்டை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இந்த வண்டிகளால் வரும் தொல்லையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

489 என்பது ஆய்வகத்தில் ரோலர் மேல் ஓட்டி எடுத்த எண். அந்தச் சோதனையின் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஏசி ஓடாது, வண்டியில் ஐந்து பேர் இருக்க மாட்டார்கள். அதனால்தான் டாடாவே அதன் பக்கத்தில் 350 முதல் 370 வரை என்று இன்னொரு எண்ணையும் போடுகிறது. அதையும் ஊருக்குள்ளும் புறவழியிலும் கலந்து ஓட்டுபவருக்கான எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்கர சாலையில் ஐந்து பேர், ஏசி, சீராக 90 என்றால் கிலோமீட்டருக்கு 150 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) அளவில் இழுக்கும்; 45 யூனிட்டுக்கு 300 கிலோமீட்டர். 80-இல் போனால் 340 பக்கம் வரும், 100-இல் 270, 110-ஐத் தாண்டி ஓட்டினால் 230, 240-இல் நின்றுவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். டீசல் காரிலும் இதே கணக்குதான். அங்கே டேங்க் பெரிது, நிரப்ப ஐந்து நிமிடம், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

ஏசி பற்றி ஒரு தவறான பயம் உண்டு. சித்திரை வெயிலில் ஏசி 1 முதல் 1.5 கிலோவாட் எடுக்கும். 90-இல் போகும்போது அது கிலோமீட்டருக்கு 11 முதல் 17 வாட் மணிதான், கண்டுகொள்ள வேண்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் 15, 20 வேகத்தில் ஊரும்போது அதே ஏசி கிலோமீட்டருக்கு 60, 70 வாட் மணி சாப்பிடும். ஆகவே நெடுஞ்சாலையில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், போதவில்லை என்றால் ஏசியை அணைத்துவிட்டு அம்மாவை வேர்க்க வைக்காதீர்கள், வேகத்தில் பத்தைக் குறையுங்கள்.

இனி மீட்டர் போர்டு. தினம் 45 கிலோமீட்டருக்கு பேட்டரியிலிருந்து ஆறேமுக்கால் யூனிட் போகும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் ஏழரை யூனிட் ஓடும். காரோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜர் 3.3 கிலோவாட் தரும். இதை நிரப்ப அதற்கு இரண்டரை மணி நேரம் போதும். எனவே விற்பனையாளர் 7.2 கிலோவாட் சுவர் சார்ஜரைக் காட்டி எவ்வளவு பேசினாலும் உங்கள் தேவைக்கு அது கட்டாயம் இல்லை. சென்னைக்குப் புறப்படும் முந்தைய இரவுதான் பெரிய வேலை. 30 சதவீதத்திலிருந்து 100-க்கு 3.3 கிலோவாட்டில் சுமார் 11 மணி நேரம் ஆகும்; மாலை 6 மணிக்குச் சொருகினால் விடிகாலை 5 மணிக்குத் தயார். 7.2 சார்ஜரில் இந்த வேலை ஐந்து மணி நேரத்தில் முடியும் என்பது உண்மை. ஆனால் அது 32 ஆம்பியர் இழுக்கும். ஒற்றை ஃபேஸ் வீட்டில் அதோடு இரண்டு ஏசியும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தால் தாங்காது. லோடு கூட்டி, பெரும்பாலும் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டியிருக்கும். 3.3 கிலோவாட்டுக்கே உங்கள் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, குறைவாக இருந்தால் முதலில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். வாஷிங் மெஷினுக்கு இழுத்த லைனில் கார் சார்ஜரைச் சொருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வாட்டர் ஹீட்டர் 15 நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் மணிக்கணக்காக விடாமல் இழுக்கும். அந்த வெப்பத்துக்கு முதலில் பலியாவது சாக்கெட். அதன் ஓட்டை ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு நிறம் தெரிந்தாலோ, பிளக்கின் பின்னில் ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தாலோ உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது பிடிப்புத் தகடு விரிந்துவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போட்ட ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி, கையை எடுக்க வைத்தால் அன்றே நிறுத்துங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிப்பது), முனையில் நல்ல கம்பெனியின் 16 ஆம்பியர் சாக்கெட், இவ்வளவும் வேண்டும். நீல நிற மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டின் பிடி இன்னும் உறுதி. ஆனால் கார் சார்ஜரின் பிளக் அதற்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள், நடுவில் மாற்றுப் பிளக் போட்டால் அதுவே சூடாகும். ஆர்சிசிபி வாங்கும்போது ஏ டைப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகத் தருவது ஏசி டைப், காரிலிருந்து நேர்மின்சாரம் (டிசி) கசிந்தால் அது மந்தமாகிவிடும். இன்வெர்ட்டர் லைனில் இந்த சாக்கெட் சேரவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒருநாளும் வேண்டாம். பின்னாளில் 7.2 வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்துவிடுங்கள், சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டாம்.

எர்த் தனிக் கதை. புது வண்டி வந்த அன்று சார்ஜரைச் சொருகுவார்கள், சிவப்பு விளக்கு எரியும், கார் சரியில்லை என்று ஷோரூமுக்குப் போன் போகும். பெரும்பாலும் கார் சரியாகத்தான் இருக்கும், வீட்டு எர்த்தான் செத்திருக்கும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏற ஏற சார்ஜர் மறுக்கத் தொடங்கும். இந்த இடத்தில் சில எலெக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். உடனே பச்சை விளக்கு எரியும், அவருக்குக் கூலியும் கிடைக்கும். ஆனால் என்றைக்காவது மேலே நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் நேராகக் காரின் பாடிக்கு வரும். அதைச் செய்ய விடாதீர்கள். தனி எர்த் குழி போட்டு, எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வெயிலில் குழி காய்ந்துவிடும். பங்குனியிலிருந்து ஆடி வரை வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். கோடை இடிக்காக மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் வைப்பதும் நல்லது. காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் போனால் வரும் பில்லோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

ஈபி பில் பற்றி யூடியூபில் சொல்லும் கிலோமீட்டருக்கு 80 காசு கணக்கைத் தமிழ்நாட்டு வீட்டில் நம்பாதீர்கள். நம் ஊர் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டியதும் 101-இலிருந்து 200 வரையான பாதி விலைச் சலுகை போய்விடும், மேலே போகப் போகப் படிப்படியாக விலை கூடும்: 500-க்கு மேல் எட்டரை ரூபாய் பக்கம், 600-க்கு மேல் ஒன்பதரை, 800-க்கு மேல் பத்தரை, 1000-க்கு மேல் பதினொன்றரை. கார் சாப்பிடும் யூனிட் இந்த உச்சிப் படிகளில்தான் போய் உட்காரும். வீடு மட்டும் 400 யூனிட் எடுத்தால் பில் 1,175 ரூபாய் பக்கம். மாதம் 26 நாள் ஓட்டத்துக்குக் கார் இரண்டு மாதத்தில் எடுக்கும் 390 யூனிட்டைச் சேர்த்தால் 790 ஆகி, பில் 4,700 பக்கம் போகும். கூடுதல் 3,500 ரூபாய், அதாவது காருக்கான யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அந்த 2,340 கிலோமீட்டரை லிட்டருக்கு 13 தரும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டினால் 180 லிட்டர், 18,000 ரூபாய். மிச்சம் உண்டு, நிறையவே உண்டு. யூடியூப் கணக்கில் அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாடியில் வெயில் விழும் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலாரையும் யோசியுங்கள். பிஎம் சூரிய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் வரும், கார் ஓட்டத்தை அது தாண்டியே நிற்கும். இரவில் காரை நேராகச் சூரியனில் சார்ஜ் செய்ய முடியாதுதான். பகலில் ஈபிக்குப் போகும் சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் இருப்பதால் பில்லில் கழிந்துவிடும்.

இதைப் படிக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் அடுக்குமாடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 செப்டம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இருக்கிற இணைப்பிலிருந்தே காருக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ள வேண்டும், அது சில இடங்களில் வருடக்கணக்கில் இழுக்கும். வீட்டில் பிளக் கிடைக்காது என்றால் இந்தக் காரை ஒரே காராக வாங்காதீர்கள். வெளி சார்ஜரை மட்டுமே நம்பி ஓட்டினால் பணமும் மிச்சமாகாது, நிம்மதியும் இருக்காது.

சென்னைப் பயணம். திருச்சியிலிருந்து 330 கிலோமீட்டர். 90-இல் போனால் 50 யூனிட் வேண்டும், உங்களிடம் இருப்பது 45. ஒரு நிறுத்தம் கட்டாயம். நூறு சதவீதத்தில் கிளம்பினால் விழுப்புரத்தில் 45 சதவீதமும், திண்டிவனத்தில் 30-க்குச் சற்று மேலும் இருக்கும். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலேயே சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார் 60 கிலோவாட் சார்ஜரில் 10-இலிருந்து 80-க்கு 40 நிமிடம் என்கிறார்கள். 33-இலிருந்து 75-க்கு 25 நிமிடம் என்று வையுங்கள். மீதி 125 கிலோமீட்டருக்கு 43 சதவீதம் போகும், 30 மிச்சத்தோடு சென்னை. சாலையோரத்தில் 100 வரை நிரப்ப உட்காராதீர்கள்; 80-க்கு மேல் வேகம் சரியும், கடைசி இருபதுக்கே முக்கால் மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது பலகையில் இருக்கும் கிலோவாட்டை அப்படியே நம்பக் கூடாது. 60 என்று எழுதி இரண்டு கன் (காரில் சொருகும் கைப்பிடி) தொங்கினால், பக்கத்தில் இன்னொரு கார் வந்து சொருகியதும் ஆளுக்கு 30 ஆகிவிடும் வகைதான் அதிகம். 25 நிமிட வேலை 50 நிமிடம் ஆவது இப்படித்தான். முடிந்தவரை ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று இயந்திரங்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒன்று செத்திருந்தாலும் அடுத்தது இருக்கும். கோவையைச் சேர்ந்த சியான், டாடா பவர், ஸ்டாட்டிக், ஜியோ-பிபி என்று சார்ஜர் நடத்தும் கம்பெனிகளுக்கு ஆளுக்கொரு ஆப். நீங்கள் போகும் வழியில் எவை இருக்கின்றனவோ அவற்றைக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நிறுவி, வாலெட்டில் ஐந்நூறு ரூபாய் போட்டு வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்காகக் காத்திருப்பதைவிட எரிச்சலான காரியம் கிடையாது. பிளக்‌ஷேரில் (சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் ஆப்) போட்டிருக்கும் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். கடைசியாக ஒருவர் வெற்றிகரமாக சார்ஜ் போட்ட தேதியைப் பாருங்கள். கன்னைச் சொருகி, காரைப் பூட்டி, பிறகு ஆப்பில் தொடங்குங்கள். தொடங்கவில்லை என்றால் கன்னைக் கழற்றி, கைப்பிடியைத் தாங்கி நேராக அழுத்திச் சொருகிப் பாருங்கள். கனமான கேபிளின் இழுப்பில் கன் சாய்ந்து பின் சரியாகத் தொடாமல் போவது சகஜம். மூன்றாம் முறையும் தோற்றால் ஹெல்ப்லைனோடு மல்லுக்கட்டாமல் அடுத்த இடத்துக்குப் போங்கள். அப்படிப் போக முடிய வேண்டும் என்பதற்காகத்தான் எந்த சார்ஜருக்கும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்கிறோம். சார்ஜ் முடிந்தும் கன் வெளியே வராவிட்டால் காரின் கதவை அன்லாக் செய்யுங்கள், அதிலேயே பெரும்பாலும் விடும். விடாவிட்டால் இழுக்க ஒரு சிறு கயிறோ நெம்போ பல கார்களில் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று டெலிவரி எடுக்கும் அன்றே காட்டச் சொல்லுங்கள். வெளியே யூனிட்டுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 20 முதல் 25 ரூபாய் ஆகும். அந்தப் பங்குக்குக் கிலோமீட்டர் மூன்றரை ரூபாய் பக்கம், டீசலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாலையில் இந்தத் தடத்தில் வரிசை நிற்கும், விடிகாலையில் கிளம்புங்கள்.

ஊட்டிக்கு இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கு நோக்கி அடிக்கும். கரூர், காங்கேயம், பல்லடம் வழியாக மேற்கே போகும் உங்களுக்கு அது நேர் எதிர்காற்று. 30 வேகத்தில் எதிர்காற்று அடித்தால் 90-இல் போகும் கார் 120-இல் போகும் அளவுக்குக் காற்றைக் கிழிக்கிறது. அந்த மாதங்களில் கோவை வரையான 215 கிலோமீட்டருக்கு 20 சதவீதம் கூடுதலாகவே கணக்குப் போடுங்கள். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். இரண்டாவது ஏற்றம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. ஒன்றரை டன் காரையும் ஐந்து பேரையும் 1,900 மீட்டர் தூக்க மட்டும் ஒன்பதரை யூனிட் வேண்டும். உராய்வு, இழப்பு எல்லாம் சேர்த்தால் அந்த 50 கிலோமீட்டருக்கு 14, 15 யூனிட். பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, சமவெளியில் 100 கிலோமீட்டருக்குச் சமம். டேஷ்போர்டு காட்டும் மீதி தூரம் இதை முன்கூட்டி அறியாது. மேட்டுப்பாளையத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பயமில்லை. இறங்கும்போது ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை மின்சாரமாக பேட்டரிக்குத் திருப்புவது) சரியாக வைத்தால் பிரேக்கை அதிகம் தொடாமலே வரலாம், கீழே வரும்போது 8, 10 சதவீதம் ஏறியும் இருக்கும். ஆனால் விடுதியில் பிளக் கிடைத்ததே என்று மேலே 100 வரை நிரப்பிவிட்டு இறங்கினால், பேட்டரியில் இடம் இல்லாததால் ரீஜென் வேலை செய்யாது. 1,900 மீட்டர் இறக்கத்தின் முழுச் சுமையும் பிரேக் பேட் மேல் விழும். மலை மேல் 85-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டு வருடக் கேள்விக்கு வருவோம். இதில் உறுதியானதும் உறுதியாகாததும் கலந்திருக்கின்றன. நெக்ஸானிலும் எம்ஜி விண்ட்சரிலும் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. மஹிந்திரா எக்ஸ்யூவி 400, ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக் போன்றவற்றில் என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது). எல்எஃப்பி வெப்பத்தைச் சற்று நன்றாகவே தாங்கும், இரண்டாயிரம் முழுச் சுற்றுக்கு (முழுதாக ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) மேல் வரும். உங்கள் ஓட்டம் வருடத்துக்கு 22,000 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 75 சுற்றுகள்தான் ஆகும், எட்டு வருடத்தில் 600. ஓட்டி ஓட்டி பேட்டரியைத் தீர்க்க உங்களால் முடியாது, இது உறுதி. காலமும் வெப்பமும் சேர்ந்து தேய்ப்பதுதான் உறுதியாகாதது. நெக்ஸான் ஈவி விற்பனைக்கு வந்ததே 2020 ஜனவரியில். அப்போது அதில் 30.2 யூனிட் பேட்டரி. 45 யூனிட் வந்தது 2024-இல். நம் வெயிலில் இந்த பேட்டரி பத்து வருடத்தில் எப்படி இருக்கும் என்று யார் அடித்துச் சொன்னாலும் அது ஊகம்தான். வாரண்டி அந்த ஊகத்தை ஓரளவு உங்கள் தலையிலிருந்து இறக்குகிறது. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது அடிப்படை. 45 யூனிட் மாடலுக்கு முதல் உரிமையாளருக்கு மட்டும் 15 ஆண்டு என்று 2025-இல் நீட்டினார்கள். கையெழுத்துப் போடும் முன் வாரண்டிப் புத்தகத்தில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள், சர்வீஸ் ஒன்று தவறினால் என்ன ஆகும், ஆன்போர்டு சார்ஜரும் மோட்டார் கன்ட்ரோலரும் எந்த வாரண்டியில் வருகின்றன. பேட்டரி வாரண்டிதான் காருக்கே வாரண்டி என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

எல்எஃப்பிக்கு ஒரு பழக்கம் தேவை. மொபைலுக்குச் சொல்வது போல 80-இலேயே நிறுத்து என்பது இதற்கு அப்படியே பொருந்தாது. இந்த செல்லின் வோல்டேஜ் 20-இலிருந்து 90 சதவீதம் வரை கிட்டத்தட்ட ஒரே கோட்டில், 3.2, 3.3 என்றே நிற்கும். அதனால் வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று காரால் சொல்ல முடியாது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே வரும். அந்தக் கணக்கு நாளாக நாளாகப் பிசகும். மெதுவான சார்ஜில் 100 வரை விட்டு, சார்ஜர் தானாக நிற்கும் வரை காத்திருந்தால்தான் கணக்கு சீராகும், செல்களும் ஒரே மட்டத்துக்கு வரும். இதைச் செய்யாமல் வேக சார்ஜரிலேயே ஓட்டினால், 15 காட்டிக்கொண்டிருந்தது திடீரென 5 ஆகி வண்டி சுருண்டுவிடும் வேலை நடக்கும். வாரம் ஒருமுறையாவது வீட்டில் முழுதாக ஏற்றுங்கள்; அவ்வப்போது 20-க்குக் கீழே இறங்கியபின் ஏற்றினால் இன்னும் நல்லது. அதே நேரம் 100-இல் வைத்து வெயிலில் நாள்கணக்காக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் ஊரில் இல்லை என்றால் 50 பக்கம் வைத்து நிழலில் விட்டுப் போங்கள்.

வழியில் நிற்க வைப்பது பெரிய பேட்டரி என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிட அதிகம் காலை வாருவது பானட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் அதை இணைக்கும் சுவிட்சுக்குச் சக்தி இருக்காது, ரெடி விளக்கு வராது. ஸ்க்ரீன் மின்னி மின்னி அணைவது, கதவு ரிமோட்டுக்குத் தயங்குவது, சம்பந்தமே இல்லாத நாலைந்து எச்சரிக்கைகள் ஒன்றாக வருவது, இவை முன் அறிகுறிகள். மூன்று வருடம் ஆனதும் சர்வீஸில் லோடு டெஸ்ட் போடச் சொல்லி, சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். எந்தக் காரணத்துக்காக நின்றாலும் முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போக விடாதீர்கள். மோட்டார் அதோடு சேர்ந்து சுற்றி மின்சாரம் உற்பத்தி செய்யும். காரை முழுதாக மேலே ஏற்றிப் போகும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும்.

மழைத் தண்ணீருக்கு பேட்டரி ஐபி67 தரம். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்கும் சோதனை அது. தேங்கிய தண்ணீரை மெதுவாகக் கடக்கலாம், வெள்ளத்தில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. இன்சூரன்ஸில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி ஆட்-ஆன் கேளுங்கள், வெள்ளச் சேதம் அதில் வருகிறதா என்று எழுத்தில் பாருங்கள். டயர் வேகமாகத் தேயும். எடையும் முதல் நொடியிலேயே வரும் இழுவையும்தான் காரணம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்று, 10,000-க்கு ஒருமுறை முன்பின் மாற்றல். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கேட்டுவிடுங்கள். ரீஜென் அதிகம் பயன்படுத்தினால் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை காலி ரோட்டில் நாலைந்து தடவை அழுத்திப் பிடியுங்கள்.

விலையில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை விட 3, 4 லட்சம் கூடுதலாக வரும். கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்றால் 50,000 முதல் 67,000 கிலோமீட்டருக்குள் அது கழிந்துவிடும், உங்கள் ஓட்டத்துக்கு மூன்று வருடம். மறுவிற்பனையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சந்தை இன்னும் நிலைபெறவில்லை. ஐந்து வருடத்தில் விற்கும் பழக்கம் உள்ளவர் என்றால் என் பதில் கொஞ்சம் தயங்கும். 30 யூனிட் மாடலில் பணம் மிச்சம்தான், ஆனால் சென்னைக்கு இரண்டு நிறுத்தம் ஆகும். மாதாமாதம் போகும் உங்களுக்கு வேண்டாம்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் இரண்டு கிலோமீட்டரோடு முடிக்காதீர்கள். ஐந்து பேரும் ஏறி, பெரம்பலூர் வரை 90-இல் போய்த் திரும்புங்கள். ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கிளம்பும்போதும் வந்தபோதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 35 முதல் 40 சதவீதம் இறங்கியிருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உங்களுக்குச் செல்லும். 45-ஐத் தாண்டினால் ஓட்டும் விதத்தை மாற்றவோ இன்னொரு நிறுத்தத்துக்குத் தயாராகவோ வேண்டும். போகும்போது அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். பேட்டரிக்காகத் தரை சற்று உயர்ந்திருப்பதால் முட்டி மேலே தூக்கி, தொடைக்கு அடியில் தாங்கல் குறையும். மூட்டு வலி இருப்பவர்களுக்கு நூறு கிலோமீட்டருக்குப் பிறகுதான் அது தெரியும். பிள்ளைகள் இருக்கும்போது ரீஜெனை 1-இல் வையுங்கள். 3-இல் வைத்துக் காலை எடுத்து எடுத்து ஓட்டினால் பாடாலூர் தாண்டுவதற்குள் பின் சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.